குடமும் பெடலும்

நாஞ்சில் நாட்டுக் கிராமங்களில் சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடை நிகழும் நாட்களில் பந்தலின் கீழ் அமர்ந்து வில்லுப்பாட்டுக் கேட்டவர்கள், அந்தச் சங்கீதத்தை அடியிலிருந்து தாங்கி நிற்பது, வில்லின் நடுவே பிரிமணைமேல் இருத்தப்பட்ட மண்குடத்தின் கனத்த நாதமே என்பதை அறிவார்கள். ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இந்தக் கலையைத் தம் ஊரின் எல்லைக்கு அப்பாலுள்ள மேடைகளுக்கும் கொண்டு சென்றார்; ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற ஆய்வாளர் இதன் கதைகளையும் நிகழ்த்தும் முறையையும் நேரில் ஆராய்ந்து 1988இல் ஒரு நூலே வெளியிட்டார். ஆயினும் அந்தக் குடம் ஏன் அங்கே இருக்கிறது, அதை நீக்கிவிட்டால் பாட்டு ஏன் மெலிந்துபோகிறது என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது பௌதிக சாஸ்திரமே.

இன்று அதே மாவட்டத்தின் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் மெல்லிசைக் கச்சேரிகளிலும் குடத்தின் ஸ்தானத்தில் பேஸ் கிதார் அமர்ந்திருக்கிறது. அதை வாசிக்கும் இளைஞரின் காலடியில், பல பொத்தான்களும் சிறு திரையும் கொண்ட மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் ஒன்று பெரும்பாலும் கிடக்கும். நூறு வகை ஒலிகளைத் தரவல்ல அந்தப் பெட்டியிலிருந்து உண்மையான பயனைப் பெறுவது எப்படி என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். மந்தர நாதத்தை வளர்ப்பதென்பது அதன் பருமனைக் கூட்டுவதன்று. அதைச் செவிக்குப் புலப்படுத்தும் துணை ஒலிகளை இன்னவை என்று அறிந்து, அளவறிந்து சேர்ப்பதே. வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் பழக்கத்தால் கண்ட இந்த உண்மையையே பெடலுக்குள் உள்ள மின்னணுக் கணிதமும் வேறு வழியில் நிறைவேற்றுகிறது.

குடத்தின் கணக்கு

குடத்தின் வாயில் தட்டையான மட்டையால் அடிக்கும்போது கழுத்திலுள்ள காற்று உள்ளே அழுத்தப்படுகிறது. குடத்துக்குள் அடைபட்ட காற்று அதைத் திருப்பித் தள்ளுகிறது. இவ்வாறு கழுத்துக் காற்று முன்னும் பின்னும் ஊசலாடுவதால் ஒரு குறிப்பிட்ட சுருதி பிறக்கிறது. இவ்வகை அதிர்வை ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் விரிவாக ஆராய்ந்தார். இசையையும் செவியையும் பற்றிய அவருடைய பெருநூல் 1863இல் வெளிவந்தது. அவர் பெயரால் வழங்கும் சூத்திரத்தின்படி, ஏறத்தாழ 20 லிட்டர் கொள்ளளவும் 12 சென்டிமீட்டர் வாயகலமும் குட்டையான கழுத்தும் உடைய ஒரு குடம் வினாடிக்கு 120 அதிர்வுகளுக்கு அருகில், அதாவது 120 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்க வேண்டும். பேஸ் கிதாரின் ஜி தந்தியில் மூன்றாம் நான்காம் ஃபிரெட்டுகள் தரும் சுருதிகளுக்கு இடைப்பட்ட நாதம் இது. ஆகவே இரண்டு வாத்தியங்களும் ஒரே பிரதேசத்தில் சஞ்சரிப்பவை என்று சொல்வது வெறும் உபசார வார்த்தையன்று.

குடம் தனித்து ஒலிப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. நாணின்மீது வீசுகோல் விழும்போதெல்லாம் வில்லில் கட்டிய மணிகள் குலுங்கி, சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அளவிலான கூர்மையான ஒலியை எழுப்புகின்றன. அந்தக் கூர்மையே தாளத்தின் நொடியைச் செவிக்கு அறிவிக்க, குடம் அந்த நொடிக்குக் கனத்தைத் தருகிறது. இரண்டும் ஒரே கணத்தில் விழுவதால் கேட்பவர் அவற்றைத் தனித்தனியே பிரித்துணராமல் ஒரே பலமான அடியாக அநுபவிக்கிறார்.

தந்தியின் சுபாவம்

1951இல் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் என்னும் வாத்தியத்தை ஒட்டியே இன்றைய பேஸ் கிதார்கள் பெரும்பாலும் அமைகின்றன. அதிரும் தந்தியின் நீளம் 34 அங்குலம். நான்கு தந்திகளின் சுருதிகள் முறையே 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். இரும்பு கலந்த தந்தி, காந்தத்தையும் செப்புச் சுருளையும் கொண்ட பிக்கப்பின்மேல் அதிரும்போது, 1831இல் ஃபாரடே கண்ட தூண்டல் விதியின்படி அச்சுருளில் சிறு மின்னோட்டம் எழுகிறது. அந்த மின்னோட்டமே பெடலுக்குள் நுழையும் மூலப்பொருள்.

இங்கே முக்கியமானது யாதெனில், 41 ஹெர்ட்ஸில் அதிரும் தந்தி 41 மட்டும் ஒலிப்பதில்லை. அதன் இரு பாதிகளும் தனித்து அதிர்ந்து 82ஐயும், மூன்றில் ஒரு பகுதிகள் 124ஐயும், கால் பகுதிகள் 165ஐயும் எழுப்புகின்றன. இந்தத் துணைச் சுருதிகளின் வரிசை மேன்மேலும் நீள்கிறது. பாலத்துக்கு அருகே மீட்டினால் மேல் துணைச் சுருதிகள் மிகுந்து ஒலி இறுகும். கழுத்துப் பக்கம் மீட்டினால் அடிச் சுருதி ஓங்கி ஒலி உருண்டுவரும். பெடலில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் எந்தக் குமிழாலும் தந்தியில் முதலில் எழாத ஒன்றை எளிதில் ஓங்கச் செய்ய முடியாது. ஆதலால் விரல் எந்த இடத்தில் மீட்டுகிறது என்பதே முதலாவது எஃபெக்ட், அதுவே மிகச் சிறந்ததும் கூட.

செவியின் சுபாவம்

மனிதச் செவி எல்லா ஒலிகளையும் சமமாக நடத்துவதில்லை. 1933இல் ஃபிளெச்சரும் மன்சனும் வெளியிட்ட ஆராய்ச்சி இதை அளவைகளோடு நிறுவியது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபெல் அளவில் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு கேட்க வேண்டுமானால், 40 ஹெர்ட்ஸ் ஒலி 80 டெசிபெலுக்கும் மேற்பட்ட பலத்தோடு எழ வேண்டும். ஒலி முழுவதையும் உயர்த்தும்போது இந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இதிலிருந்து விளையும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு: வீட்டு அறையில் அயலாருக்குத் தொந்தரவின்றிச் சிறு ஒலியில் அமர்ந்து, அடிச் சுருதி நன்கு கேட்கும்வரை பெடலின் பேஸ் குமிழைத் திருப்பி அமைத்துக்கொண்ட ஒலி, மேடையில் உரத்து எழும்போது கனம் மிகுந்து குழம்பிவிடும். ஆகவே மேடைக்குரிய அமைப்பை மேடையின் ஒலியளவிலேயே தீர்மானிக்க வேண்டும்.

செவியின் இரண்டாவது சுபாவம் இதைவிட வியப்புக்குரியது. 82, 124, 165, 206 என்று 41இன் மடங்குகளாக ஒலிகள் வந்து, 41 மட்டும் வராமற்போனாலும், அந்த மடங்குகளின் ஒழுங்கிலிருந்து மூளை 41 என்ற சுருதியைத் தானே ஊகித்துக் கேட்கிறது. கொடைப் பந்தலில் தென்னையின் உச்சியில் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கி சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியைப் பெரும்பாலும் வெளியிடவே இயலாதது. ஆயினும் அதன் வழியே வரும் பாட்டில் பேஸ் கிதாரின் சுருதி நடையை நாம் தொடர முடிகிறது. கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் இளையராஜாவின் பாடல்களைக் கேட்கிறவர்கள், தனி மெல்லிசையாகவே நடந்துசெல்லும் அவருடைய பேஸ் வரிகளைப் பின்தொடர்வதும் இந்தக் காரணத்தாலேயே. துணைச் சுருதிகள் எவ்வளவு தெளிவாக இருக்கின்றனவோ அவ்வளவு தெளிவாக அடிச் சுருதியும் உணரப்படும் என்ற இந்த விதியே, பெடலை உபயோகிப்பவர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய பிரதான சூத்திரம்.

பெட்டிக்குள் நிகழ்வது

மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் உண்மையில் ஒரு சிறு கணிப்பொறி. உள்ளே வரும் மின்னலையின் உயரத்தை அது வினாடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ அளந்து எண்களாக மாற்றுகிறது. 24 பிட் கருவியில் ஒவ்வோர் அளவும் 1,67,77,216 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. பிறகு அந்த எண்களைக் கூட்டியும் பெருக்கியும் தாமதப்படுத்தியும் மீண்டும் மின்னலையாக்கி வெளியே அனுப்புகிறது. இதற்கு ஆகும் காலம் சில மில்லி வினாடிகள். ஒலி காற்றில் ஒரு மீட்டர் செல்லவே ஏறத்தாழ 3 மில்லி வினாடி ஆகுமாதலால், அந்தத் தாமதம் ஒலிபெருக்கியிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமமே. ஆனால் அளக்கும் எல்லையை மீறிய பலத்தோடு மின்னலை நுழையுமானால் அதன் முகடுகள் வெட்டுண்டு, பின்னர் எந்த எஃபெக்டாலும் சரிசெய்ய இயலாத கரகரப்பு உண்டாகும். ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னர், மிகப் பலமாக மீட்டும்போதும் எச்சரிக்கை விளக்கு எரியாதபடி உள்ளீட்டின் அளவை அமைத்துக்கொள்ள வேண்டும்.

எஃபெக்டுகளுள் பேஸ் கிதாருக்கு முதன்மையானது கம்ப்ரெஸர். ஓங்கி வரும் ஒலியை அடக்குவதால், தாழ்ந்த ஒலியையும் ஓரளவு உயர்த்திக்கொள்ள இடம் தருகிறது. நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வைத்தால், வரம்பை 12 டெசிபெல் மீறும் ஒலி வெளியே வரும்போது 3 டெசிபெல் மட்டுமே மீறியிருக்கும். இங்கே கால அளவுகளைப் பேணுவது அவசியம். 41 ஹெர்ட்ஸ் அலை ஒரு முறை ஏறி இறங்க 24 மில்லி வினாடிகள் பிடிக்கின்றன. கம்ப்ரெஸர் தன் பிடியை விடும் காலத்தை அதற்கும் குறைவாக வைத்தால், அது ஒலியின் பலத்தைப் பின்பற்றாமல் அலையின் ஒவ்வோர் ஏற்ற இறக்கத்தையும் பின்பற்றி அதன் வடிவத்தையே சிதைத்துவிடும். 100 மில்லி வினாடிக்குக் குறையாமல் வைப்பது நலம். பிடிக்கத் தொடங்கும் காலத்தை 20, 30 மில்லி வினாடியாக வைத்தால், விரல் தந்தியை விட்டு நீங்கும் முதல் ஓசை அடங்காமல் வெளிவந்து, வில்லில் மணிகள் செய்யும் உபகாரத்தைச் செய்யும்.

அடுத்தது ஈக்வலைஸர். அடிக் கனம் 80 ஹெர்ட்ஸை ஒட்டியும், மந்தமான இரைச்சல் 200 முதல் 300 வரையிலும், வாத்தியத்தின் தனிக் குரல் 700 முதல் 1,000 வரையிலும், விரலின் ஓசை 2,000க்கு மேலும் பெரும்பாலும் அமைந்திருக்கும். ‘பேஸ் கேட்கவில்லை’ என்று குறைப்படுகிறவர் 80ஐ உயர்த்துவது வழக்கம். அதற்குப் பதிலாக 250ஐச் சிறிது தாழ்த்தி 800ஐச் சிறிது உயர்த்தினால், அதே ஒலியளவில் ஒவ்வொரு சுருதியும் பிரிந்து கேட்பதை அவரே உணர்வார்.

ஒலியின் முகடுகளை வேண்டுமென்றே வெட்டிப் புதிய துணைச் சுருதிகளை உண்டாக்கும் ஓவர்டிரைவ், ஃபஸ் வகைகளின் வரலாறு மந்தர நாதத்திலேயே தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 1961இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ என்னும் பாட்டை நாஷ்வில் நகரில் பதிவுசெய்தபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸின் ஒலி பழுதுற்ற மின்வழி ஒன்றின் ஊடே சென்று கரகரத்து வந்தது. பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்த விகாரத்தைத் தனிக் கருவியாகவே வடித்தார். அது 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த பெடலாயிற்று. இவ்வகை எஃபெக்டுகள் துணைச் சுருதிகளைப் பெருக்குவதால் கூம்பு ஒலிபெருக்கியிலும் பேஸ் தெளிவாகக் கேட்க உதவுகின்றன. அதேசமயம் அடிச் சுருதியின் பருமனை மெலியச் செய்வதும் உண்டு. நல்ல பெடல்களில் இதற்கென்றே பிளெண்ட் என்ற குமிழ் இருக்கிறது. அதன் உதவியால் தூய ஒலியை முக்கால் பங்கும் வெட்டுண்ட ஒலியைக் கால் பங்கும் கலந்தால், கீழே கனமும் மேலே தெளிவும் ஒருங்கே நிற்கும். குடத்தையும் மணிகளையும் இணைத்த வில்லுப்பாட்டின் கூட்டு முறை இந்த ஒரு குமிழில் அடங்கியிருக்கிறது.

ஆக்டேவர் ஒரு ஸ்தாயி தாழ்ந்த பிரதியைச் சேர்ப்பது. 41 ஹெர்ட்ஸில் பாதி 20க்குச் சற்றே மேல்; அது மனிதச் செவியின் எல்லையிலேயே நிற்பது. அன்றியும் ஒரு சுருதி இன்னதென்று கணிக்கக் கருவிக்கு ஓரிரண்டு முழு அலைகளாவது வேண்டுமாதலால், தாழ்ந்த தந்திகளில் அது தடுமாறும். மேல் தந்திகளில் 110 ஹெர்ட்ஸை ஒட்டி வாசித்து, 55 ஹெர்ட்ஸ் துணையைப் பெறுவதே அதன் உத்தமப் பிரயோகம். கோரஸ் எனப்படுவது ஒலியின் பிரதியொன்றைச் சில மில்லி வினாடிகள் தாமதித்து, அந்தத் தாமதத்தை மெல்ல அசைத்து மூலத்தோடு கலப்பது. தாமதம் 12 மில்லி வினாடியை அடையும் கணத்தில், 41 ஹெர்ட்ஸ் அலையின் ஏற்றத்தின்மேல் பிரதியின் இறக்கம் சரியாக விழுந்து இரண்டும் ஒன்றையொன்று தேய்த்துவிடும். கோரஸை மிகுதியாகத் திருப்பியவரின் பேஸ் விட்டுவிட்டு மறைவதன் காரணம் இதுவே. தாழ் ஒலிகளைத் தீண்டாமல் மேல் ஒலிகளுக்கு மட்டும் கோரஸ் இடும் வசதி இருந்தால் அதைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும்.

கிரமம்

எஃபெக்டுகளை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதற்கும் நியாயம் உண்டு. விரலின் பலத்துக்கேற்பத் திறந்து மூடும் ஃபில்டரை அடக்கப்படாத ஒலி வரும் முதலிடத்தில் வைக்க வேண்டும். கம்ப்ரெஸருக்குப் பின் வைத்தால் பலமும் மென்மையும் சமமாகிப்போய் அது அசையாது நிற்கும். அதன்பின் கம்ப்ரெஸர், ஆக்டேவர், டிரைவ், ஈக்வலைஸர், கோரஸ் என்று சென்று, எதிரொலியும் முழக்கமும் தரும் டிலே, ரிவெர்ப் ஆகியவற்றை இறுதியில் அமைப்பது பொதுவான முறை. எதிரொலித்த ஒலியை வெட்டினால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாகும். வெட்டிய ஒலியை எதிரொலித்தால் தெளிவு கெடாது. டிலேயின் காலத்தைப் பாட்டின் காலப்பிரமாணத்தோடு பொருத்த, 60,000ஐ நிமிடத்துக்கு விழும் அடிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். நிமிடத்துக்கு 100 அடியானால் 600 மில்லி வினாடி.

பெடலிலிருந்து ஒலி எங்கே போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பேஸ் ஆம்ப்புக்குச் செல்லும்போது, ஆம்ப்பையும் அதன் பெட்டியையும் பாவனை செய்யும் பகுதியை அணைத்துவிடுவது நல்லது. மைக் செட்காரரின் மிக்ஸருக்கு நேரே செல்லும்போது அதை இயக்கிக்கொள்ள வேண்டும். இதை மாற்றிச் செய்வதனாலேயே நல்ல பெடல்கள் பல கெட்ட பெயர் வாங்குகின்றன.

மின்சார இரைச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் அலைவது. பேஸ் கிதாரின் தாழ்ந்த தந்தியில் மூன்றாம் ஃபிரெட் தரும் ஜி சுருதியோ 49 ஹெர்ட்ஸ். ஆகவே ரீங்காரம் புகுந்தால் அது அந்தச் சுருதியோடு மோதி, வினாடிக்கு ஒரு முறை ஒலி ஏறித் தாழும். நாய்ஸ் கேட் என்ற எஃபெக்ட் மௌனத்தில் ரீங்காரத்தை மறைக்குமேயன்றி நீக்காது. நீண்ட சுருதிகளின் முடிவையும் அது துண்டித்துவிடும். மிக்ஸருக்கும் பெடலுக்கும் இடையே தரையிணைப்பைப் பிரிக்கும் வசதியுள்ள டி.ஐ. பெட்டியை வைப்பதே தக்க பரிகாரம். இரைச்சல் போக வேண்டும் என்று மூன்று முனைச் செருகியின் எர்த் முனையை நீக்குவது உயிருக்கே ஆபத்து. மழை ஈரம் படிந்த மண்ணில் பந்தலிட்டு, உலோகத் தந்தியைக் கையில் பிடித்திருப்பவர் இதை ஒருகாலும் செய்யலாகாது.

இடமும் நாதமும்

பெட்டிக்கு வெளியே இருக்கும் மிகப் பெரிய எஃபெக்ட் வாசிக்கும் இடமே. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகம். நான்கு மீட்டர் நீளமுள்ள அறையில் அந்த அலையின் பாதியே அடங்குவதால், சில சுருதிகள் சுவர்களுக்கிடையே நின்று பெருத்தும், சில சுருதிகள் அறையின் நடுவில் அடியோடு மறைந்தும் போகும். இரண்டடி தள்ளி நின்று கேட்டாலே ஒலி மாறும்; ஒரே இடத்தில் நின்று பெடலைத் திருத்துவது பயனற்றது.

கோட்டாற்றிலும் நாகர்கோவிலிலும் உள்ளவை போன்ற உயர்ந்த கூரையும் உறுதியான சுவரும் உடைய பெரிய தேவாலயங்களில் பிரச்சினை வேறு வகையானது. 1895 முதல் ஹார்வர்டில் வாலஸ் சேபின் நடத்திய சோதனைகள், முழக்கம் நீடிக்கும் காலம் கட்டடத்தின் கன அளவுக்கு நேர் விகிதத்திலும், ஒலியை உறிஞ்சும் பரப்புக்கு எதிர் விகிதத்திலும் அமையும் என்று காட்டின. கல்லும் காரையும் ஒலியை மிகக் குறைவாகவே உறிஞ்சுவன. சபையார் வந்து நிறையும்போது அவர்களுடைய உடைகள் மேல் ஒலிகளை உறிஞ்சிக்கொள்கின்றன. நீண்ட அலைகளையுடைய தாழ் ஒலிகளோ பெரிதும் அப்படியே தங்கிவிடுகின்றன. எனவே வெறும் ஆலயத்தில் ஒத்திகையின்போது சமமாகக் கேட்ட பேஸ், ஆராதனை வேளையில் மந்தமாகத் தேங்குவது இயற்கை. அங்கே ரிவெர்பை முற்றிலும் அணைத்து, 100 முதல் 250 வரை சிறிது குறைத்து, ஒவ்வொரு சுருதியையும் அடுத்தது எழுவதற்கு முன் விரலால் அடக்கி வாசித்தால், கட்டடமே வேண்டிய முழக்கத்தைத் தந்துவிடும்.

முப்பந்தல் போன்ற திறந்த வெளியில் நிலைமை தலைகீழ். சுவரில்லாத இடத்தில் ஒலி திரும்பி வருவதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்று, அது வரும் திசையை நோக்கிச் செல்லும் ஒலியை மேல்நோக்கி வளைத்து, அப்பக்கத்தில் அமர்ந்தவர்களுக்குப் பாட்டின் தெளிவைக் கெடுத்துவிடும். இங்கே கம்ப்ரெஸரும், சிறிதளவு டிரைவும், 800ஐ ஒட்டிய உயர்வும் நேரடியாகப் பயன்படும்; சிறிது ரிவெர்பும் வரவேற்கத்தக்கதே.

பழகும் முறை

புதிய பெடலை வாங்கியவர் அதில் நிறுவனம் நிரப்பி அனுப்பிய நூறு ஒலிகளையும் மாற்றி மாற்றிக் கேட்பதில் நாட்களைச் செலவிடுவது இயல்பு. அதைவிட எல்லா எஃபெக்டுகளையும் அணைத்துவிட்டு, வெறும் தந்தியொலியில் ஒரு பாட்டை முழுமையாக வாசித்து, குறை எங்கே என்று தேடுவதே நல்ல தொடக்கம். சுருதிகள் சமமாக இல்லையெனில் கம்ப்ரெஸரையும், கலங்கினால் ஈக்வலைஸரையும், பாடகரின் குரலுக்கும் மிருதங்கத்துக்கும் இடையே தொலைந்துபோனால் டிரைவையும், ஒரு நேரத்தில் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேர்த்ததை அணைத்துக் கேட்டு வித்தியாசம் நன்மையானால் மட்டுமே நிறுத்தி வைக்க வேண்டும். ஒப்பிடும்போது இரு நிலைகளின் ஒலியளவும் சமமாக இருத்தல் முக்கியம். சற்று உரத்துக் கேட்பதையே செவி மேலானதென்று நம்பிவிடும்.

இவ்வாறு திறந்த வெளிக்கு ஒன்று, தேவாலயத்துக்கு ஒன்று, ஒலிப்பதிவு அறைக்கு ஒன்று என மூன்று அமைப்புகளை நன்கு ஆராய்ந்து பெடலில் சேமித்துக்கொண்டவருக்கு மற்ற தொண்ணூற்றேழும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அந்த மூன்றையும் பிறர் அமைத்ததிலிருந்து நகலெடுக்க முடியாது. அவர் விரலும், அவர் தந்தியும், அவர் வாசிக்கும் ஊர்களின் மண்டபங்களும் சேர்ந்தே அவற்றைத் தீர்மானிக்கின்றன. ஆகவே விலையுயர்ந்த வேறொரு பெட்டியை நாடுமுன், கையிலிருக்கும் பெட்டியைக்கொண்டு தம் ஊரின் மூன்று இடங்களைச் செவியால் அளந்து முடிப்பதே ஒவ்வொரு பேஸ் கலைஞரும் முதலில் செய்யத்தக்க காரியம்.